ஒட்டினால் நோய், ஒட்டாவிட்டால் சுகம்

(குடும்ப நலப் பாடம்: சர்க்கரையைப் பிடிக்கும் புரதங்கள்)



வரப்பு வழியாக நடந்து வீடு திரும்பும்போது வேட்டி ஓரத்திலும் சேலை ஓரத்திலும் ஒட்டுப்புல் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே புல் வாழையிலையில் ஒட்டுவதில்லை. மண்வெட்டியில் ஒட்டுவதில்லை. துணியின் நூல் கிடைத்தால்தான் அதன் முள் மாட்டிக்கொள்ளும்.

நோய்க்கிருமி நம் உடம்பில் குடியேறுவதும் ஏறக்குறைய இப்படித்தான். கிருமி வாய்க்குள் போய்விட்டது என்பதற்காக உடனே நோய் வந்துவிடாது. அது குடலிலோ, தொண்டையிலோ, மூத்திரப்பையிலோ ஓர் இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்ட முடியாத கிருமிகளில் பெரும்பகுதி மலத்தோடும் மூத்திரத்தோடும் சளியோடும் வெளியே போய்விடும். ஆகவே ஒட்டுவதைத் தடுத்தால் பாதி நோயைத் தடுத்த மாதிரி.

கிருமி எதைப் பிடித்து ஒட்டுகிறது, அதை நாம் எப்படித் தடுக்கலாம் என்பதே இந்தப் பாடம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் மாமியார், பாட்டி இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். பிள்ளை பெற்ற வீட்டில் பல காரியங்களை முடிவு செய்கிறவர்கள் அவர்கள்தானே.

1. சர்க்கரை என்றால் எது?

"சர்க்கரை என்றால் ரேஷன் கடைச் சீனி, இல்லாவிட்டால் சர்க்கரை வியாதி. இதில் கிருமி எங்கே வந்தது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவின் மேலும் பூனை மயிர் போல மெல்லிய இழைகள் போர்த்தியிருக்கின்றன. அந்த இழைகள் சர்க்கரைகளால் கோத்த சங்கிலிகள். வாயில் போட்டால் இனிக்கும் சீனி வேறு, இது வேறு. காலக்டோஸ், மேனோஸ், சியாலிக் அமிலம் என்று பல மணிகளை முன்னும் பின்னுமாக மாற்றிக் கோத்த மாலைகள் இவை. குடலுக்கு ஒரு வகை மாலை, ஈரலுக்கு ஒரு வகை, இரத்த அணுவுக்கு இன்னொரு வகை.

உங்கள் இரத்தம் ஏ வகையா, பி வகையா என்று பார்க்கிறார்களே, அந்த வேறுபாடும் சிவப்பணுவின் மேலுள்ள மாலையின் கடைசி மணியில்தான் இருக்கிறது. ஒரே ஒரு சர்க்கரை மாறுவதால் ஒருவர் ஏ, இன்னொருவர் பி. இந்த இரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மாலைகளில் குறிப்பிட்ட ஒரு மணியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் உண்டு. அவற்றுக்கு லெக்டின் என்று பெயர். "தேர்ந்தெடுப்பது" என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து 1954இல் வில்லியம் பாய்ட் என்ற அறிஞர் இந்தப் பெயரை எடுத்தார். ஒட்டுப்புல்லின் முள் துணி நூலைத் தேர்ந்து பிடிப்பதைப் போல, லெக்டின் தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தேர்ந்து பிடிக்கும். இது செடியிலும் இருக்கிறது, கிருமியிலும் இருக்கிறது, நம் உடம்பிலும் இருக்கிறது.

நம்மூர்க் கொள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளில் உள்ள லெக்டின், ஏ வகை இரத்தத்தின் இரண்டு உட்பிரிவுகளைப் பிரித்துக் காட்டும். ஒன்றைத் திரிய வைக்கும், மற்றதை விட்டுவிடும். இரத்த வங்கிகளில் இதைப் பரிசோதனைக்கு உபயோகிக்கிறார்கள். மாட்டுக்கு வைக்கும் கொள்ளுக்குள் இத்தனை நுட்பமான அறிவு!

2. குன்றிமணியும் ஆமணக்கும்

லெக்டினைப் பற்றிய முதல் பாடத்தை உலகுக்குச் சொல்லிக் கொடுத்தது ஆமணக்கு விதை. 1888இல் ஐரோப்பாவில் டோர்பாட் பல்கலைக்கழகத்தில் ஸ்டில்மார்க் என்பவர், ஆமணக்கு விதையின் சாறு இரத்த அணுக்களைக் கட்டிகட்டியாகத் திரிய வைப்பதைக் கண்டார். அந்தச் சாற்றிலுள்ள நஞ்சுக்கு ரிசின் என்று பெயர். நம் குன்றிமணியில் உள்ளது அப்ரின். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி.

இந்த நஞ்சுக்கு இரண்டு கைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை அணுவின் மேலுள்ள காலக்டோஸ் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தபின் உள்ளே நுழைகிறது. மற்றக் கை உள்ளே போய், அணு தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ளும் வேலையை நிறுத்திவிடுகிறது. அணு சாகிறது. பிடிக்கும் கை இல்லாவிட்டால் கொல்லும் கைக்கு உள்ளே போக வழியே கிடைக்காது.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பது குன்றிமணிதான். பல்லாங்குழியில் சோழிக்குப் பதில் இதைப் போட்டு விளையாடும் வீடுகளும் உண்டு. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருப்பதால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். முழுதாக விழுங்கினால் கெட்டி ஓடு காப்பாற்றக்கூடும். மென்றாலோ, ஊசி கோத்து ஓட்டையான மணியை விழுங்கினாலோ உயிருக்கு ஆபத்து. ஆமணக்கு முத்தும் அப்படியே.

குழந்தை மென்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால், "நல்லாத்தானே விளையாடுது, பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். இந்த நஞ்சு உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாளுக்கும் மேல் கழித்துத்தான் வாந்தியும் இரத்தபேதியும் தொடங்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் போனால் உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை உண்டு. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 108க்குச் சொல்லுங்கள். மீதி விதையையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆமணக்குப் புண்ணாக்கு வயலுக்கு உரம். மாட்டுக்குத் தீவனமாக வைக்காதீர்கள். எண்ணெய் ஆட்டும்போது ரிசின் எண்ணெயில் கரையாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது.

3. எலிகள் காட்டிய அதிசயம்

இந்த நஞ்சுகளே நோய் எதிர்ப்புச் சக்தியைப் பற்றியும் நமக்குக் கற்றுக் கொடுத்தன. ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற டாக்டர், 1891இல் சுண்டெலிகளுக்கு ரிசினை மிகமிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்தார். கடைசியில், மற்ற எலிகளைக் கொல்லும் அளவு கொடுத்தும் அவை சாகவில்லை. ஆனால் ரிசினைத் தாங்கிய எலிக்கு அப்ரினைக் கொடுத்தால் செத்தது. ஒவ்வொரு நஞ்சுக்கும் உடம்பு தனித்தனி எதிர்ப்பொருள் செய்கிறது என்பது இதனால் விளங்கியது.

அடுத்தபடியாக எர்லிக் ஒரு காரியம் செய்தார். எதிர்ப்புள்ள தாய் எலியிடம், வேறு எலியின் குட்டிகளைப் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளுக்கும் எதிர்ப்பு வந்துவிட்டது! பெற்ற தாய் அல்ல, பால் கொடுத்த தாயின் எதிர்ப்பு. பால் வெறும் ஆகாரம் மட்டும் அல்ல, காவலும்கூட என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி. எர்லிக்குக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதரில் தாயின் எதிர்ப்பொருளில் ஒரு பங்கு நஞ்சுக்கொடி வழியாகக் கருப்பையிலேயே குழந்தைக்கு வந்து சேர்கிறது. குடலையும் தொண்டையையும் காக்கும் பங்கு பால் வழியாக வருகிறது.

4. சீம்பாலைக் கொட்டாதீர்கள்

பிள்ளை பெற்ற ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மஞ்சளாக வந்த முதல் பாலைப் பாட்டியம்மா பீய்ச்சிக் கீழே விடச் சொல்லியிருந்தார். குழந்தைக்குச் சேனை வைத்து, சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். "அது கெட்ட பால் தம்பி, புள்ளைக்குச் செரிக்காது" என்றார். அந்த அம்மாவின் அன்பில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் கீழே விடச் சொன்னது அந்தக் குழந்தையின் முதல் மருந்து.

காரணத்தைக் கேளுங்கள். தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இவற்றுக்கு அடுத்தபடியாக மூன்றாவதாக மிகுந்திருப்பது ஒரு விசேஷமான சர்க்கரைத் தொகுதி. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். சீம்பாலில் இது லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் இருக்கும். பிறகு வரும் பாலில் 5 முதல் 15 கிராம் வரை. பசும்பாலில் மிகச் சொற்பம்.

வேடிக்கை என்னவென்றால் இந்தச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. செரிக்காத பொருளைத் தாயின் உடம்பு ஏன் இத்தனை பாடுபட்டுச் செய்கிறது? இரண்டு வேலைகளுக்காக.

முதல் வேலை: குழந்தையின் பெருங்குடலில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு இது தீனி. அவை பெருகினால் கெட்ட கிருமிக்கு இடம் குறையும்.

இரண்டாவது வேலை: ஏமாற்றும் வேலை. ஒட்டுப்புல் நிறைந்த வழியில் ஒரு பழைய கம்பளியை இழுத்துக்கொண்டு போனால் முள்ளெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் வருகிறவர் வேட்டி தப்பித்துவிடும். தாய்ப்பாலின் சர்க்கரைகள் குடல் அணுவின் மேலுள்ள மாலைகளைப் போலவே இருக்கின்றன. கிருமி அதைக் குடல் என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தபடியே மலத்தோடு வெளியே போய்விடுகிறது. மெக்சிகோ நகரில் 93 தாய்-சேய் ஜோடிகளைக் கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், பாலில் இவ்வகைச் சர்க்கரைகளில் ஒன்று மிகுந்திருந்த தாய்மாரின் குழந்தைகளுக்குக் காம்பைலோபாக்டர் என்ற கிருமியால் வரும் பேதி குறைவாக இருந்தது தெரிந்தது.

கடைச் சீனியைக் கரைத்துக் கொடுத்தால் இந்த வேலை நடக்காது. பெயர்தான் ஒன்று, இனம் வேறு. கரைத்த தண்ணீரில் கிருமி இருந்தால் பாதுகாப்பு போய், ஆபத்து வந்து சேரும். தேனும் ஒரு வயது வரை கூடாது.

ஆகையால்: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்குங்கள். மஞ்சள் பால் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் வீட்டு உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். ஏதேனும் நோயோ மருந்தோ காரணமாக டாக்டர் வேறு விதமாகச் சொன்னால் அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை: பால் கொடுப்பது மனைவியின் வேலை, நமக்கென்ன என்று இருக்காதீர்கள். தண்ணீர் இறைப்பது, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, "சேனை வேண்டாம் அம்மா" என்று உங்கள் தாயிடம் பணிவாக எடுத்துச் சொல்வது, இவை உங்கள் பங்கு. மருமகள் சொன்னால் எதிர்ப்பேச்சு ஆகிவிடும். மகன் சொன்னால் காதில் ஏறும்.

5. காலராவும் சீதபேதியும்

காலராக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற நம் நாட்டு டாக்டர், முயலின் குடலில் சோதனை செய்து இதை நிரூபித்தார். அந்த நஞ்சுக்கு ஐந்து பிடிகள். ஐந்தும் குடல் அணுவின் மேலுள்ள ஒரு சர்க்கரைக் கொழுப்பைப் பற்றிக்கொள்ளும். பற்றியதும் நஞ்சின் மற்றப் பகுதி உள்ளே போய், அணு தன்னிடமுள்ள உப்பையும் நீரையும் மடை திறந்தாற்போல் வெளியே கொட்டச் செய்யும். கஞ்சித் தண்ணீர் போலப் பேதி போவது இதனால்தான்.

நஞ்சு ஒட்டிய இடத்திலிருந்து அதைப் பிடுங்க நம்மிடம் மருந்தில்லை. ஆனாலும் பயப்பட வேண்டாம். அதே குடல் அணுவில் இன்னொரு சர்க்கரை பிடிக்கும் புரதம் இருக்கிறது. அது குளுக்கோஸைப் பிடித்து உள்ளே இழுக்கும்போது கூடவே உப்பையும் இழுக்கும். உப்பு போன வழியே தண்ணீரும் போகும். காலரா நஞ்சு இந்தக் கதவை மூடுவதில்லை! உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் உயிர் காப்பது இந்தக் கதவு வழியாகத்தான்.

1971இல் வங்காளதேச அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்கு வந்தபோது போங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகலானபிஸ், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். குடங்களில் கலந்து உறவினரே கொடுத்தார்கள். 100 பேரில் 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த நிலை மாறி, சாவு 3.6 சதவீதமாகக் குறைந்தது.

வீட்டில் செய்ய வேண்டியது: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு முழுப் பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கரையுங்கள். பாதிப் பாக்கெட், பாதித் தண்ணீர் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அளவு கெட்டால் குணம் கெடும். 24 மணி நேரத்துக்குள் உபயோகித்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை பேதி போனபின்னும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடம் துத்தநாக மாத்திரை வாங்கி 14 நாளும் கொடுங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் குழிந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, இரத்தம் போனாலோ உடனே ஆஸ்பத்திரி.

அமீபா சீதபேதிக்கும் இதே ஒட்டுதல்தான் காரணம். அந்த நுண்ணுயிர் தன் மேலுள்ள லெக்டினால் காலக்டோஸைப் பிடித்துக் குடல் சுவரில் ஒட்டி, தொட்ட அணுவைக் கொல்கிறது. குடலில் சுரக்கும் வழவழப்பான சளியிலும் அதே சர்க்கரை இருப்பதால் பெரும்பாலும் அந்தச் சளியே அமீபாவைப் பிடித்து வைத்துவிடும். மிஞ்சியதுதான் புண்ணாக்குகிறது. அது வாய்க்கு வருவது மலம் கலந்த தண்ணீராலும் கழுவாத கையாலும். கக்கூஸ் உபயோகியுங்கள். சாப்பிடுமுன்னும், மலம் கழித்தபின்னும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டபின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

6. மூத்திரக் கடுப்பு

புதிதாக மணமான பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அடிக்கடி வரும் தொல்லை இது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மோரைக் குடித்து, பொறுத்துக்கொண்டு இருப்பார்கள். ஈ.கோலி என்ற கிருமி ரோமம் போன்ற கால்களின் நுனியில் ஒரு லெக்டினை வைத்திருக்கிறது. மூத்திரப்பைச் சுவரிலுள்ள மேனோஸ் சர்க்கரையை அதனால் பிடிக்கிறது. மூத்திரத்திலேயே மேனோஸ் கொண்ட ஒரு புரதத்தை நம் உடம்பு கலந்து அனுப்புகிறது. இதுவும் கம்பளி வேலைதான். ஆனால் மூத்திரம் போனால்தானே கிருமியும் போகும்?

ஆகவே தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். மறைவிடம் இல்லை என்று பொழுது சாயும் வரை அடக்கி வைப்பது கூடாது. இதற்காகவாவது வீட்டில் கழிப்பறை வேண்டும் என்பதைக் கணவன்மார் கவனிக்க வேண்டும். தாம்பத்தியத்துக்குப் பின் சிறுநீர் கழித்துவிடுவது நல்லது. கழுவும்போது முன்னிருந்து பின்பக்கமாகக் கழுவ வேண்டும். கர்ப்ப காலத்தில் எரிச்சல், காய்ச்சல், இடுப்பு வலி கண்டால் தாமதிக்காதீர்கள். கவனிக்காமல் விட்டால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறும். குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம்.

"அப்படியானால் மேனோஸ் சர்க்கரையை வாங்கிச் சாப்பிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். பிரிட்டனில் அடிக்கடி இத்தொல்லை வரும் 598 பெண்களிடம் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். மேனோஸ் பொடியால் தொல்லை மீண்டும் வருவது குறையவில்லை. மருந்து டாக்டர் தருவதுதான்.

7. உடம்பின் காவலும் கருவின் ஒட்டுதலும்

கிருமிக்கு மட்டும்தான் இந்த வித்தை தெரியும் என்று நினைக்காதீர்கள். நம் இரத்தத்தில் மேனோஸைப் பிடிக்கும் ஒரு லெக்டின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அன்னியக் கிருமியின் மேல் மேனோஸ் நெருக்கமாக இருப்பதைக் கண்டால் பிடித்துக்கொண்டு மற்றக் காவல் புரதங்களைக் கூப்பிடும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குறைந்து, சொந்த எதிர்ப்பு முழுதாக முற்றாத மாதங்களில் குழந்தைக்கு இது பெரிய துணை.

காலில் முள் குத்தினால் வெள்ளை அணுக்கள் சரியாக அந்த இடத்தில் எப்படி இறங்குகின்றன? இரத்தக் குழாயின் உட்சுவரில் அந்த இடத்தில் மட்டும் செலக்டின் என்ற லெக்டின்கள் தலைநீட்டுகின்றன. ஓடும் வெள்ளை அணுவின் சர்க்கரையைப் பிடித்து வேகத்தைத் தணித்து நிறுத்துகின்றன. பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துவது போல.

கரு தங்குவதிலும் இவ்வகைப் பிடிப்பு உண்டு. கருவின் மேல் செலக்டின் இருப்பதையும், கருப்பைச் சுவரில் அதற்கேற்ற சர்க்கரை உரிய நாட்களில் மிகுவதையும் 2003இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. கரு தங்குவது இப்படிப் பல நுட்பங்கள் கூடி நடக்கும் காரியம். பிள்ளை இல்லை என்பதற்காகப் பெண்ணை மட்டும் குறை சொல்வது அறியாமை. குறை ஆணிடமும் இருக்கலாம். இருவரும் சேர்ந்து போய்ப் பரிசோதித்துக்கொள்வதே முறை.

8. புற்றுநோய்

நல்ல அணு புற்றணுவாகக் கெடும்போது அதன் சர்க்கரைப் போர்வையும் மாறுகிறது. சில மாலைகள் அறுந்து குட்டையாகின்றன, சில புதிதாக முளைக்கின்றன. வேர்க்கடலையிலும் பலாக்கொட்டையிலும் உள்ள லெக்டின்கள், பல புற்றணுக்களின் மேல் தெரியவரும் அறுந்த மாலையைப் பிடிப்பதால் ஆராய்ச்சிச் சாலைகளில் அவை கருவியாகின்றன. ஈரல் புற்றுநோயைக் கண்டறியும் ஓர் இரத்தப் பரிசோதனை, மைசூர்ப் பருப்பு இனத்தின் லெக்டின் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பதை வைத்தே அமைந்தது.

மாறிய போர்வை புற்றுநோய்க்கும் உதவுகிறது. வெள்ளை அணுவை நிறுத்தும் அதே செலக்டின், சில புற்றணுக்களையும் நிறுத்திவிடுகிறது. ஓரிடத்துப் புற்று இரத்தத்தில் மிதந்து போய் வேறிடத்தில் இறங்கிப் பரவ இது ஒரு வழி. ஆகவேதான் பரவுமுன் கண்டுபிடிப்பது முக்கியம்.

கருப்பைவாய்ப் புற்றுநோயின் தொடக்கமே ஓர் ஒட்டுதல். எச்.பி.வி. என்ற வைரஸ் தன் மேலோட்டுப் புரதத்தால் ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரை இழையைப் பிடித்து உள்ளே புகுகிறது. இது தாம்பத்திய உறவினால் தொற்றும் வைரஸ். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் தானே மறையும். சிலரிடம் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாகும். இந்த வைரஸே காரணம் என்று காட்டிய ஹரால்டு சூர் ஹாவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்குத் தடுப்பூசி உண்டு. வைரஸின் மேலோட்டுப் புரதத்தையே மாதிரியாகச் செய்து போடுவதால் உடம்பு எதிர்ப்பொருள் செய்துகொண்டு, வைரஸை ஒட்டவிடாமல் தடுக்கிறது. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் போட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

30 வயது கடந்த பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சில நிமிட வேலை. வலி அதிகமில்லை. மாதவிடாய் நின்றபின் இரத்தம், உறவுக்குப் பின் இரத்தம், துர்நாற்ற வெள்ளை, மார்பில் கட்டி, வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் கண்டால் மறைக்காதீர்கள். கணவரே, நீங்களே துணைக்கு அழைத்துப் போங்கள். இந்த நோய் எவருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் அல்ல. புகையிலையை இருவரும் விடுங்கள்.

பால் கொடுத்த தாய்க்கும் ஒரு லாபம் உண்டு. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் வெளியிட்ட கணக்கின்படி, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது.

9. அடுப்பங்கரையில்

லெக்டின் பயறுகளில் இருக்கிறது என்றதும் பயறையே ஒதுக்கிவிடாதீர்கள். ஏழைக்கும் எட்டும் புரதம் அதுதான். நன்றாக வேகவைத்தால் லெக்டின் அழிந்துவிடும். ராஜ்மா என்னும் சிவப்பு அவரை விதையில்தான் அதிகக் கவனம் வேண்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நாலைந்து விதை தின்றாலும் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். இளஞ்சூட்டில் வைத்தால் போதாது. மொச்சை, தட்டைப்பயறு போன்றவற்றையும் ஊறவைத்து மசிய வேகவையுங்கள்.

10. கேள்வியும் பதிலும்

கேள்வி: ஆமணக்கு விதை, குன்றிமணி புற்றுநோயைக் குணமாக்கும் என்று ஒருவர் விற்கிறாரே?
பதில்: நம்பாதீர்கள். ரிசினின் கொல்லும் கையை மட்டும் பிரித்துப் புற்றணுவுக்கு அனுப்ப அறிஞர்கள் பல ஆண்டு முயன்றார்கள். அது ஆஸ்பத்திரி மருந்தாக வழக்கத்துக்கு வரவில்லை. விதையைத் தின்றால் புற்றணுவோடு நல்ல அணுவும் சாகும்.

கேள்வி: சீனி அதிகம் சாப்பிட்டால் கிருமி ஒட்டுமா?
பதில்: நாம் தின்னும் சீனி போய் அணுவின் மாலையாக அப்படியே ஒட்டிக்கொள்வதில்லை. சீனியைக் குறைப்பது பல்லுக்கும் உடல் எடைக்கும் நல்லது. அது வேறு பாடம்.

கேள்வி: பால் சுரக்கவில்லை என்றால்?
பதில்: குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் சில கரண்டிதான் வரும். பிறந்த சிசுவின் சின்ன வயிற்றுக்கு அது போதும். பயந்துபோய்ப் புட்டிப்பாலுக்குப் போகாதீர்கள். செவிலியரைக் கூப்பிட்டுக் குழந்தையை மார்பில் பிடிக்கும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறவாதீர்கள்

சீம்பால் குழந்தையின் முதல் கவசம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்.
பேதிக்கு ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம், தாய்ப்பால்.
கையைச் சோப்பால் கழுவுங்கள். மூத்திரத்தை அடக்காதீர்கள்.
குன்றிமணியும் ஆமணக்கு முத்தும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது.
பயறை ஊறவைத்து நன்றாக வேகவையுங்கள்.
மகளுக்குத் தடுப்பூசி, 30 வயது கடந்த மனைவிக்குப் பரிசோதனை.

அடுத்த முறை வேட்டியிலிருந்து ஒட்டுப்புல்லைப் பிடுங்கும்போது இந்தப் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பின் ஒவ்வொன்றாகப் பிடுங்குவது எத்தனை சிரமம்! ஒட்டாமல் பார்த்துக்கொள்வது எத்தனை சுலபம்!

இந்தத் துண்டுப் பிரசுரத்தைப் படித்தபின் கிழிக்காமல் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். அங்கே கர்ப்பிணி இருந்தால் முதலில் அவரிடம் சேர்த்துவிடுங்கள்.